விஜயதசமி காலையில் ஆறு கிலோமீட்டர்

நரசிம்மன் அண்ணன் சிரித்து நான் பார்த்தது இந்த ஒன்பது வருடத்தில் நான்கைந்து தடவைதான் இருக்கும். அதில் மூன்று தடவை சைக்கிளைப் பார்த்துச் சிரித்தது. மனிதர்களுக்கு மீதி கிடைத்தது அவ்வளவுதான்.

மெரிலேண்ட்ஸ் என்கிற புறநகரில் எங்கள் அடுக்குமாடியில் என் வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு. ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட். அவர் மனைவி கிரிஜா அக்கா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். பெண் வர்ஷா சின்னவளாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே என்று செய்துகொண்ட ஏற்பாடு அது. அவள் வளர்ந்து மெல்போர்னுக்குப் படிக்கப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வேலைநாட்களில் அக்காவுக்கு அவர் விட்டுப்போன சமையல் மேடை, அவருக்கு அக்கா விட்டுப்போன போர்வைக் கலைசல். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து இருப்பார்கள் என்று நினைத்தால், அன்றைக்கு அண்ணன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவார்.

நான் முரளிதரன். ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடையில் மைசூர்பாகு கிளறுகிறவன். என் உடம்பைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். ஒரு மேட்டைப் பார்த்து அதில் சைக்கிளில் ஏறி, மறுபக்கம் கல்லிலும் முள்ளிலும் இறங்குவதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

அண்ணனிடம் ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றால் அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் கவனக்குறைவு, மூல காரணம் என்ன. இருபது வருடமாக அதை எழுதி எழுதி, மனுஷன் வீட்டுக்கும் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைக்க மாட்டார். அடுப்பை எத்தனையில் வைத்தாய், அப்போது எங்கே நின்றாய், போனில் யார் என்று ஆரம்பிப்பார். கத்த மாட்டார். அதுதான் கொடுமை. கத்தினால் பதிலுக்குக் கத்திவிட்டுப் போகலாம். இவர் அமைதியாக, அடுக்கடுக்காக, கடைசியில் "அப்ப உன் தப்புதான்" என்று வந்து நிற்கும்வரை விடமாட்டார். மேல்வீட்டிலிருந்து இந்த விசாரணை என் சமையலறைக்குக் கேட்கும். எனக்கே கரண்டியைத் தூக்கி எறியலாம் போல இருக்கும்.

போன ஆகஸ்டில் கிரிஜா அக்காவுக்கு மெல்போர்னில், கிளென் வேவர்லியில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பகல் ஷிப்ட். பெண்ணும் பக்கத்தில். அக்கா அதை அண்ணனிடம் சொன்னபோது நான் அங்கே மாவு கடன் வாங்கப் போயிருந்தேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். வீட்டில் எல்லாவற்றுக்கும் மூல காரணம் தேடுகிற ஆள், பெண்டாட்டி ஏன் வேறு ஊருக்குப் போகப் பார்க்கிறாள் என்பதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்கா மாவை என் பாத்திரத்தில் போட்டார். இரண்டு கரண்டி கூடவே போட்டுவிட்டார். கவனமில்லை.

பிறகு என்ன தோன்றியதோ, செப்டம்பரில் ஒருநாள் அண்ணன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். பாலைவனத்துக்கு நடுவே உள்ள ஊர். சுற்றிலும் சிவப்புப் பாறை. அங்கே ஆறு கிலோமீட்டரில் ஒரு சைக்கிள் தடம் இருக்கிறதாம், குட்டித் தடம், ஆனால் வளைவு வளைவாகப் போகுமாம். பத்து வருடமாக அதன் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். "ஒரு தடவ நீ கூட வந்து பாரு" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அண்ணன் விழுந்து வைத்தால் கார் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் நான் சேர்ந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மெல்போர்னுக்குப் பதில் சொல்லணும் முரளி" என்று விமான நிலையத்தில் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். இரவு ஷிப்டிலிருந்து நேரே வந்திருந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. "போயிட்டு வந்து சொல்றேன்னு இருக்கேன். என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியல."

நாங்கள் போய் இறங்கிய மறுநாள் சரஸ்வதி பூஜை. வெளியூரில் இருக்கிறோமே என்று அக்கா விடவில்லை. பெட்டியில் சின்ன சரஸ்வதி படம், சந்தனம், குங்குமம் எல்லாம் வந்திருந்தன. காலையில் அண்ணன் கழற்றிக் கொண்டுவந்த சைக்கிளை மாட்டிச் சேர்த்து, மோட்டல் வாசலில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம். அறைக்குள் தூங்கப் பார்த்த அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து, "இங்கயும் அந்தச் சத்தமா?" என்றார். தினமும் காலையில் அக்கா வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, அண்ணன் இதே சைக்கிளில் அந்தப் பக்கமாகத்தான் வேலைக்குப் போவார். ஒரு நிமிஷம் நின்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அந்தக் கிறீச்சோடு தொடங்கி அந்தக் கிறீச்சோடு முடிகிற சந்திப்பு. பல நாட்களில் அவர்களின் குடும்ப வாழ்க்கையே அந்த ஒரு நிமிஷம்தான்.

மத்தியானம் நானும் அண்ணனும் பழமும் பூவும் தேடி நடந்தே ஊருக்குள் போனோம். பழம் கிடைத்தது. பூ இல்லை. தண்ணீர் இல்லாத ஒரு ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வந்தால் அறையில் மேஜைமேல் துண்டு விரித்து, படம் வைத்து, அக்காவின் ஸ்டெதஸ்கோப், வாடகைக் காரின் சாவி, அண்ணனின் திருப்புளி எல்லாம் பொட்டோடு இருந்தன. சுவரோரமாகச் சைக்கிள். துடைத்துப் பளபளவென்று, கைப்பிடியில் சந்தனம், குங்குமம். என்னிடம் வைக்க ஒரு கரண்டிகூட இல்லாததால் கைபேசியை வைத்தேன். கற்பூரம் கொளுத்தினால் புகை மணி அடிக்கும் என்பதால் பேட்டரி விளக்கு. தகர டப்பாக் கொண்டைக்கடலையில் சுண்டல். அதில் உப்பு கொஞ்சம் தூக்கல். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தாரோ, மென்று விழுங்கிவிட்டார்.

சாப்பிட்ட கையோடு எழுந்து, "டயர்ல காத்து ஒருவாட்டிப் பாத்துடறேன்" என்று சைக்கிள் பக்கம் போனார்.

"தொடாதீங்க" என்றார் அக்கா. "பூஜையில வெச்சாச்சு. நாளைக்குக் காலைல விஜயதசமிக்கு எடுத்துக்கலாம்."

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியாதா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பத்து வருடமாக அந்தச் சைக்கிளை ஒரு சக்களத்தி மாதிரி முறைத்துக்கொண்டிருந்த அக்கா, முதல்தடவையாக அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார். அதை அண்ணன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்ன நான்கைந்து சிரிப்பில் அது ஒன்று.

மறுநாள் காலை ஆறரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தோம். ஊரிலிருந்து கால்மணி நேரம்தான், ஆனால் குன்றுக்குப் பின்னால் போனதும் போனில் சிக்னல் செத்துவிட்டது. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சிவப்பு மண், சிவப்புப் பாறை, நடுநடுவே வெள்ளைத் தோலோடு மரங்கள், காலைக் குத்துகிற முள்புல். இத்தனை காலையிலேயே ஈ மொய்த்தது. தடம் அங்கேயே தொடங்கி, குன்றின் முதுகில் ஏறி, கொஞ்ச தூரம் உச்சியிலேயே போய், பாறை இடுக்குகளில் வளைந்து வளைந்து இறங்கித் திரும்ப அங்கேயே வந்து முடியும்.

அக்கா இரண்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். அண்ணன் பெடலை மிதித்தார். பழங்கள் நசுங்கின. முதல் அடியிலிருந்தே ஏற்றம் என்பதால் பிரேக்கைத் தொடுகிற வேலையே அவருக்கு வரவில்லை.

"நாப்பது நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காபி குடித்தோம். அக்கா போனை எடுத்து எனக்குக் காட்டினார். மெல்போர்னுக்கு எழுதிய மெயில். வேலைக்கு வருகிறேன், தீபாவளி முடிந்து சேருகிறேன் என்று நாலே வரி.

"ராத்திரி எழுதினேன். இப்ப அனுப்பிடலாம்னு பாத்தா சிக்னல் இல்ல."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா என்ன சொல்லுவாரு? உன் இஷ்டம்னுவாரு." அக்கா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கோவமெல்லாம் இல்ல முரளி. கோவம் இருந்தா நல்லாருக்கும். எனக்கு அலுத்துப்போச்சு. எதையாவது கீழ போட்டுட்டா, அது உடையற சத்தத்துக்கு முன்னாடி அவர் கேள்விதான் என் காதுல கேக்குது. வேலைல எண்பது தொண்ணூறு வயசுக்காரங்க தினம் எதையாவது கொட்டறாங்க, உடைக்கறாங்க. பரவால்லன்னு சொல்லித் துடைச்சுட்டுப் போறேன். அந்த வார்த்தைய ஒருநாள் எனக்கு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு."

நான் இனிப்பு கிளறுகிறவன். ஈ ஓட்டினேன்.

அப்போது குன்றின் உச்சியில் மஞ்சள் சட்டை தெரிந்தது. வானத்துக்கும் பாறைக்கும் நடுவே, சின்னதாக, மெல்ல ஊர்ந்துகொண்டு. அக்கா எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அண்ணன் மலையில் சைக்கிள் ஓட்டி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையைத் தூக்கி ஆட்டினார். உச்சியிலிருந்து ஒரு கை பதிலுக்கு ஆடியது.

"அவ்ளோ உயரத்துலயா போவாரு?" என்றார் அக்கா. குரலில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. மஞ்சள் சட்டை இறக்கத்தில் திரும்பி மறைந்தது. அக்கா உட்கார்ந்தார். "இன்னிக்கு சத்தமே இருக்காது, பாருங்க. அந்த பிரேக் தகடு ரெண்டுக்கும் நேத்து தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சேன். ரெண்டு பக்கமும். பத்து வருஷமா கத்துது, ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோணல பாருங்க மனுஷனுக்கு."

ஊரில் பழைய பைக் ஓட்டியவன் நான். பிரேக்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"அக்கா, பிரேக்குல எண்ணெய் பட்டா பிடிக்காது. வழுக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார். காபித் தம்ளர் மண்ணில் விழுந்தது. அடுத்த நொடி செருப்புக் காலோடு தடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் இறங்கி வர வேண்டிய வழியில், எதிர்த்திசையில்.

நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்காக. அந்தத் தடம் ஒரு ஆள் அகலம்தான். பத்தடி போனால் ஒரு வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு. அடுத்த திருப்பத்தில் என்ன கிடக்கும் என்று தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா "ஏங்க" என்று கூப்பிட்டார். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. ஒரு இடத்தில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நடந்தார். "நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். அழவில்லை. இரவு வேலை பார்க்கிறவர்கள் அழுவதற்குக்கூடத் தெம்பைச் சேர்த்து வைக்க வேண்டும் போல. எனக்கு மூச்சு வாங்கியது, பயமாகவும் இருந்தது. ஒரு பாறையின் அடியில் அண்ணன் கிடக்கிற மாதிரி இரண்டு தடவை நினைத்துவிட்டேன்.

இருபது நிமிடம் இருக்கும். ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பினால், அண்ணன் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுரிந்து, ரத்தத்தோடு சிவப்பு மண் அப்பியிருந்தது. கால்சட்டை கிழிந்திருந்தது. ஒரு ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. காலைத் தரையில் தேய்த்தே வேகத்தைக் குறைத்திருக்கிறார், முடியாதபோது சைக்கிளோடு மணலில் சாய்ந்திருக்கிறார். ஒரு வளைவு தள்ளிச் சாய்ந்திருந்தால் பள்ளம். அதைப் பிற்பாடுதான் சொன்னார், அதுவும் என்னிடம் மட்டும்.

அக்கா நின்றுவிட்டார். நானும் நின்றேன். பிரேக் தகட்டில் எண்ணெய், அதில் ஒட்டிய தூசு. இருபது வருடம் இயந்திரம் பார்த்தவருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இப்போது ஆரம்பிக்கப்போகிறது என்று நினைத்தேன். எப்போது போட்டாய், எந்த எண்ணெய், யார் போடச் சொன்னார்கள். கையில் கல் இருந்தால் எடுத்து எறிந்துவிடுவேன் என்றுகூடத் தோன்றியது.

"என்ன ஆச்சு?" என்றார் அக்கா.

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த அறுந்த செருப்பைப் பார்த்தார். கைப்பிடியில் வியர்வையில் கரைந்து வழிந்திருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக்கப் பிடிச்சுப் பாக்கல" என்றார். "என் தப்பு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார்.

"எண்ணெய் போட்டது நான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? கேளுங்களேன். எப்பப் போட்டேன், ஏன் போட்டேன், கேளுங்க. எப்பவும் கேப்பீங்கள்ல?"

அண்ணன் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார்.

"மேலேருந்து நடந்து வரும்போது கேட்டுக்கிட்டேதான் வந்தேன் கிரிஜா. யாரு, எப்ப, ஏன். பாதி வழியில களைச்சுப்போச்சு. இத்தன வருஷம் கண்டுபிடிச்சு என்னத்தக் கண்டேன்? ஒவ்வொரு தடவையும் தப்பு உன்னோடதுன்னு ஆச்சு. நீ மெல்போர்ன் கிளம்பற. இனிமே எனக்குத் தெம்பு இல்லம்மா." தொங்கிய ஷூ அடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "பரவால்ல" என்றார். "எண்ணெய்தானே. பரவால்ல."

அந்த ஒரு சொல்லுக்கு அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. குன்றில் ஏறும்போது வராத அழுகை. அழுதுகொண்டே என் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி, அவர் கையை மடியில் எடுத்து வைத்து, மண்ணைக் கழுவ ஆரம்பித்தார். எரிந்திருக்கும். அண்ணன் கையை இழுக்கவில்லை. நான் ஏதோ தொலைத்துவிட்டவன் போல அந்தப் பக்கம் திரும்பி முள்புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈ என் கண்ணில் உட்கார்ந்தது. அதனால்தான் கண்ணைத் துடைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். இருவரும் பின் இருக்கையில். அக்கா ஒற்றைச் செருப்போடு, அண்ணன் கையில் என் துண்டைச் சுற்றிக்கொண்டு. களைப்பு மூவரையும் அமுக்கிவிட்டிருந்தது. குன்றைத் தாண்டியதும் சிக்னல் வந்து அக்காவின் போன் டொக்கென்றது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா மெயிலைத் திறந்தார். அந்த நாலு வரி அப்படியே இருந்தது. விரல் அதன்மேல் நின்றது.

அண்ணனும் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிடப் போகிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

"ஏன் போற கிரிஜா?" என்றார்.

ஆகஸ்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் நுழைந்து, அந்த வறண்ட ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மெல்போர்ன்ல நீங்க இந்த மாதிரி சைக்கிள் ஓட்ட எடம் இருக்கா?"

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் போனா மலை இருக்காம். இந்தச் சிவப்பெல்லாம் இருக்காது. சாம்பல் நிறக் கல்லு."

"சாம்பலா இருந்தா என்ன" என்றார் அக்கா. மெயிலை அனுப்பினார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, துண்டு சுற்றிய அந்தக் கையைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.